பழசிலிருந்து புதுசுக்கு

"வெளிய வந்துட்டேன், நீ போ!"

கணக்கக்கா கத்தினாள். மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் பில் போடுகிறவள், "உள்ள போறேன் அக்கா!" என்று பதில் குரல் கொடுத்தாள். அந்தப் பம்பு உதிரிபாகக் கடையின் கணக்கு சாஃப்ட்வேர் ரொம்பப் பழசு. ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதற்குள் போகலாம். இருவர் நுழைந்தால் அன்றைய பில்லெல்லாம் அழிந்துவிடும். "வீட்டுல ஒரே பாத்ரூமா?" என்று மெக்கானிக்குகள் கேலி செய்வார்கள்.

போன வாரம் கணக்கக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கத்த முடியாமல் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போனாள். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பில் போடுகிறவள் கையைப் பார்க்காமல் தானும் நுழைந்துவிட்டாள். ஒரு நாள் வியாபாரக் கணக்கு மொத்தமும் போயிற்று.

முதலாளி இன்று கணக்கக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"சாஃப்ட்வேர மாத்தலாமான்னு கேக்கும்போதெல்லாம் வருஷக் கணக்கு முடியட்டும்னு தள்ளிக்கிட்டே வந்தீங்க. இனிமே முடியாதும்மா. புதுசு வாங்கியாச்சு."

"சரிங்க சார்."

"அதுல பில் போட்டா கணக்கு தானா ஏறிடுமாம். ஒரு ஆள் போதும். நீங்க இருங்க."

அவள் இத்தனை வருஷமும் பயந்தது இதற்குத்தான். தன் நாற்காலி தப்பியது என்று தெரிந்ததும் மூச்சு விட்டாள். விட்டதற்காக உடனே வெட்கப்பட்டாள்.

"அவ வீட்டுக்காரர் முதுகுல அடிபட்டுப் படுத்திருக்காரு சார். அவ சம்பளத்துலதான் ஓடுது."

"அப்ப உங்க சம்பளத்துல பாதி குடுக்கறீங்களா?"

கணக்கக்கா தரையைப் பார்த்தாள். மகளுக்குக் கல்லூரியில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி.

"பழசுல இருக்கறத எல்லாம் புதுசுல ஏத்தி முடிக்கட்டும். அது வரைக்கும் அவகிட்ட வாயத் திறக்காதீங்க. கோவிச்சுக்கிட்டுப் பாதியில போயிடுவா."

வெளியே வந்தபோது பில் போடுகிறவள் புதுக் கணினியின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தாள். கூந்தலைச் சுருட்டிக் கொண்டை போட்டாள்.

"சரக்குப் பேரெல்லாம் நான் ஏத்திடறேன் அக்கா. உங்களுக்குக் கை வலிக்கும்."

"அவசரமில்ல. மெதுவாப் போடு."

"என்னக்கா நீங்க! நாம சீக்கிரம் முடிச்சாத்தானே முதலாளிக்கு நம்ம மேல ஒரு இது வரும்?"

முதலாளியின் கண்ணாடிக் கதவு பாதி திறந்திருந்தது. கணக்கக்கா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

பில் போடுகிறவள் சிரித்துக்கொண்டே இன்னும் வேகமாகத் தட்டினாள்.