மல்லாவியின் அரை மணி

திட்டத்தின் இரண்டாம் பக்கத்தில் கொழும்புத் தலைமையகம் ஒரு வரியைச் சேர்த்து அனுப்பியிருந்தது: "மல்லாவி நீக்கப்படும்." அதன் கீழே நான் கையொப்பமிட வேண்டிய இடம் பென்சிலால் வட்டமிடப்பட்டிருந்தது.

1999 ஆவணி மாதம். வவுனியாவில் ஒரு நிவாரண நிறுவனத்தின் கணினிகளுக்கு நான் பொறுப்பாக இருந்தேன். நான்கு கிளைகளின் கணினிகளை எங்கள் அலுவலகத்துத் தலைமைக் கணினி மேற்பார்வை செய்தது. மாலை ஆறு மணிக்குக் கிளைகள் அதற்குத் தங்கள் நிலையை அறிவிக்கும். அவற்றில் ஒன்றான மல்லாவியில் தொலைபேசி இல்லாததால் அங்கிருந்து வானொலிக் கருவி வழியாக அறிக்கை வரும். இந்த வேலையைச் செய்த மென்பொருளின் பழைய பதிப்பு இரண்டாயிரமாம் ஆண்டைத் தாங்காது என்றார்கள். புதிய பதிப்புக்கு மாறும் திட்டத்தை நான் எழுதவேண்டும்.

புதியதற்கு ஒரு பிடிவாதம் இருந்தது. தன் கடிகாரத்துக்கும் கிளையின் கடிகாரத்துக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் அறிக்கையை ஏற்காது. மூன்று நாள் ஏற்காவிட்டால் அந்தக் கணினியையே பூட்டிவிடும். ஒரு நாட்டுக்குள் இரண்டு நேரம் இருக்கலாம் என்பது அதைச் செய்தவர்களின் கனவிலும் வந்திருக்காது. அரசாங்கம் நேரத்தை முன்னே தள்ளி மூன்று வருடமாகியும் சோதனைச்சாவடிக்கு அப்பால், புலிகளின் பகுதியில், பழைய நேரம்தான். எங்களுக்கு ஆறு மணி, மல்லாவிக்கு ஐந்தரை. அங்குள்ள மருந்தகத்தின் மலேரியா மருந்துக் கோரிக்கைகள் அந்தக் கணினி வழியாகத்தான் வந்தன.

முதலில் நான் எளிய வழியைத்தான் தேடினேன். மல்லாவிக் கணினியைப் பார்க்கும் சுகந்தினியை வானொலியில் அழைத்தேன்.

"கொம்பியூட்டர் மணியை அரை மணித்தியாலம் முன்னுக்கு வையுங்கோ."

"புது நேரமோ அக்கா? கடைசியில எங்களுக்கும் வந்திட்டுதோ!"

அன்று மாலை அறிக்கை தொடங்கியதும் அறுந்தது. அங்கே ஜெனரேற்றரை ஓட்டும் மரியநேசன், முல்லைத்தீவில் கடலுக்குப் போனவர், இடம்பெயர்ந்து வந்தவர். நாலு மணியிலிருந்து ஆறு மணிவரைதான் அவருக்கு மண்ணெண்ணெய். கணினித் திரையில் ஆறு மணியைக் கண்டதும் நிறுத்திவிட்டார். தடுப்பூசிக் குளிர்சாதனப் பெட்டிக்கும் அரை மணி போயிற்று. மறுநாள், அரை மணிக்குப் பதில் ஒரு மணியைக் கூட்டி, திரையில் ஏழு மணியாகும்வரை ஓடவிட்டார். முதல் நாள் மிச்சமான எண்ணெயும் எரிந்தது.

வானொலியில் அவரே வந்தார். "பிள்ளை, கொம்பியூட்டர்ப் பெட்டி ஒண்டு சொல்லுது, வெயில் ஒண்டு சொல்லுது. நான் ஆரை நம்புறது?"

கடிகாரத்தைப் பழையபடி வைக்கச் சொன்னேன். நடந்ததைக் கொழும்புக்கு எழுதினேன். அதற்கு வந்த பதில்தான் அந்த வரி.

அதை வாசித்ததும் எனக்குள் முதலில் எழுந்தது ஆறுதல். ஒரு கிளை குறைந்தால் திட்டம் எவ்வளவு ஒழுங்காகிவிடும்! அந்த ஆறுதலைக் கண்டுதான் நான் பயந்தேன். எங்கிருந்து வந்தது இது எனக்கு? வீட்டில் "ஆமா" என்கிறவள் அலுவலக வாசலைத் தாண்டியதும் இங்குள்ளவர்களைப் போல "ஓம்" என்கிறேன். யாரும் கேட்கவில்லை, நானே மாறிக்கொண்டேன். என் அப்பா பொன்னையா மலையகத்துத் தலவாக்கலைத் தோட்டத்திலிருந்து எழுபத்தேழுக் கலவரத்தில் ஓடிவந்தவர். அவருடைய பிரசாவுரிமை விண்ணப்பம் உரிய காலத்தில் வரவில்லை என்று திரும்பிய கடிதத்திலும் ஓர் ஒழுங்கான கையொப்பம் இருந்தது. போட்டவருக்கும் அன்று வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

அந்த வரியை வெட்டினேன். மேலே எழுதினேன்: "தலைமைக் கணினியும் மற்ற மூன்று கிளைகளும் அரை மணி பின்னே வைக்கப்படும்."

வவுனியா அலுவலகப் பொறுப்பாளர் ஜனார்த்தனன் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கமலேஸ்வரி, உமக்கென்ன விசரோ? முழுக் கந்தோரும் புலியின்ர நேரத்துக்கோ?"

"தொண்ணூற்றாறு வரைக்கும் சேரின்ர மணிக்கூட்டிலயும் அதுதானே ஓடினது."

"பகிடி விடாதையும். ஆமி செக்கிங் வந்து கொம்பியூட்டரைப் பாத்தால்?"

"நான்தான் மாத்தினனான் எண்டு சொல்லுறன். இஞ்ச கரண்ட் இருக்கு, போன் இருக்கு. மணி மாத்த ஒரு நிமிசம் போதும். அங்க மாத்தினால் பிரிட்ஜ் நிக்குது. ஆர் மாறுறது லேசு, சேர்?"

"உம்மட ஆக்கள் இப்பிடி வாய் காட்டமாட்டினமே!"

"ஓம் சேர், காட்டேல்லை. அதாலதான் எங்கட பேரை வெட்டிப்போட்டாங்கள்."

அவர் தாளை என் பக்கம் தள்ளினார். "நான் சைன் வைக்கமாட்டன்."

 அதன் அடியில் என் பெயரை முழுதாக எழுதினேன். அவர் பார்த்திருக்க அதைக் கொழும்புக்குத் தொலைநகலில் அனுப்பினேன். பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை. மூன்று கிளைகளுக்கும் தொலைபேசி எடுத்து மணியை மாற்றி, அறிக்கையை இனி ஐந்தரைக்கு அனுப்பச் செய்தேன். பழைய பதிப்பை நிறுத்திப் புதியதை ஏற்றினேன். கடைசியாகத் தலைமைக் கணினியின் ஆறு மணியை ஐந்தரையாக்கினேன்.

கிளைகள் ஒவ்வொன்றாக வந்தன. நாலாவதாக, தயங்கித் தயங்கி, மல்லாவி. மருந்துப் பட்டியல் கடைசி வரிவரை வந்தது.

கொழும்பிலிருந்து அழைப்பு வந்தபோது ஜனார்த்தனன் எடுக்கவில்லை. நான் எடுத்தேன். உங்கள் மணி பிழை, உடனே திருத்துங்கள் என்றது குரல்.

"பிழையில்லை. மல்லாவி இப்ப உள்ளுக்கு நிக்குது. வெட்டுறதெண்டால் இஞ்ச வந்து, என்ர முகத்தைப் பாத்து வெட்டுங்கோ" என்றேன்.