சிம்பொனிக்குள் ஊதிய சங்கு

நீலகிரியின் கட்டபெட்டில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிக் குடியிருந்த ரிட்டயர்டு பாட்டு வாத்தியார் கொர்னேலியசுக்கு ஒரே ஒரு குறை. உலகப்போர் நடந்தபோது, குண்டு விழுந்துகொண்டிருந்த ஒரு நகரத்தில் வாசித்துப் பதிவு செய்த சிம்பொனி ஒன்று அவரிடம் இருந்தது. அதை முழுதாகக் கேட்க ஒரு ஆள்கூட வாய்க்கவில்லை. வயலின்கள் மெதுவாக ஆரம்பிக்கும்போதே மனைவி தபித்தாள், அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி எழுந்துவிடுவாள்.

மகள் ஸ்டெபி பெரிய ஸ்பீக்கர் வாங்கி அனுப்பியதும் அவருக்குத் தைரியம் வந்தது. ஒருநாள் முற்பகலில் ஜன்னல்களைத் திறந்துவைத்து, தோட்டமே கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டினார்.

அந்தப் பதிவின் நடுவே, விமானத் தாக்குதலுக்கான அபாயச் சங்கு நிஜமாகவே ஊதும். அன்றும் ஊதியது. மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் அதை ஃபேக்டரியின் சாப்பாட்டுச் சங்கு என்று நினைத்து, கூடையை இறக்கிவிட்டுத் தங்கள் லயத்து வீடுகளைப் பார்த்து நடந்துவிட்டார்கள்.

சூப்பர்வைசர் மனோகரன் கத்திப் பார்த்தார். சங்கு ஊதினால் ஊதினதுதான் என்று சொல்லிவிட்டாள் அந்தப் பெண்களில் ஒருத்தியான சின்னம்மை. ஊதியது யார் என்று விசாரித்துக்கொண்டே அவர் கொர்னேலியஸ் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

கொர்னேலியசுக்குப் பயம்தான். ஆனாலும் கேட்க ஒருவர் தானாக வந்திருக்கிறாரே.

“தப்புத்தானுங்க. ஆனா மொதல்ல இருந்து கேட்டாத்தான் அது எங்க வருதுன்னு தெரியும். உக்காருங்க.”

கொர்னேலியஸ் ஜன்னல்களைச் சாத்தி, சத்தத்தைக் குறைத்து, பதிவை முதலிலிருந்து போட்டார். மனோகரன் கொட்டாவி விட்டார், போனைப் பார்த்தார், தபித்தாள் கொடுத்த வர்க்கியைத் தின்றார். சங்கு ஊதியதும் தன்னையறியாமல் எழுந்து செருப்பைத் தேடினார். அப்போதுதான், அந்தச் சத்தத்துக்கு அடியில் வயலின்கள் நிற்காமல் போய்க்கொண்டிருப்பது அவர் காதில் விழுந்தது.

“ஏனுங்க சார், வாசிக்கறவங்க ஓடலீங்களா?”

“ஒருத்தருமே எந்திரிக்கலீங்க.”

மனோகரன் மறுபடி உட்கார்ந்தார். கடைசிவரை போனைத் தொடவில்லை.

வேலை நாளில் இதைப் போடவே கூடாது என்று மனோகரன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டாரைக் கூட்டி வரலாமா என்று கேட்டது பாதையில் இறங்கிய பிறகுதான்.

ஞாயிறன்று அவர் வீட்டாரோடு சின்னம்மையும் கூட்டாளிகளும் வந்துவிட்டார்கள். தங்களை ஏமாற்றியது எப்பேர்ப்பட்ட சங்கு என்று நேரில் கேட்க வேண்டுமாம். கட்டில், முக்காலி, தரை எல்லாம் நிறைந்துபோக, உட்கார இடம் கிடைக்காத கொர்னேலியஸ் சமையலறைக் கதவில் சாய்ந்தபடி நின்றே கேட்டார்.