சமவெளிக்காரன் வாங்கிய அடுப்பு

லூசியன் அடுப்பை முதலில் பார்க்கவில்லை. அதன்மேல் கிடந்த பூப்போட்ட மேசைவிரிப்பைத்தான் பார்த்தார். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும், நான்கு ஆட்கள் முக்கித் தூக்க வேண்டிய வார்ப்பிரும்பு விறகடுப்பு. இரவெல்லாம் திறந்த வண்டியில் உறைந்து கிடந்துவிட்டு அன்று காலையில்தான் மகள் வீட்டுக்குள் வந்திருந்தது. அதற்குப் போய் மாப்பிள்ளை மேசைவிரிப்பைப் போர்த்தி வைத்திருந்தான்.

"ஏன் மாப்ளே, குல்லா எதுவும் பின்னலையா இதுக்கு?"

வெஸ்லி சிரித்தான். கேலி புரிந்து சிரித்தானா, புரியாமல் சிரித்தானா என்று கண்டுபிடிக்க முடியாத சிரிப்பு. இரண்டு வருடமாக லூசியனுக்கு எரிச்சலூட்டி வரும் சிரிப்பு அது. கனெக்டிகட்டில் கணினி வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் வெர்மாண்ட் மலைக்கு வந்து, தேயாத புது பூட்ஸும் தேய்த்த சட்டையுமாக நடமாடினான். மலையில் பிறக்காதவன் எவனும் லூசியனுக்குச் சமவெளிக்காரன்தான். சமவெளிக்காரனுக்கு இரும்பைப் பற்றி என்ன தெரியும்? அந்த வட்டாரத்தில் பழைய அடுப்பு வாங்குகிற எவனும் லூசியனைக் கூட்டிப்போய்க் காட்டாமல் வாங்கியதில்லை. இவன் சொல்லாமல் கொள்ளாமல் வாங்கி வந்துவிட்டு இப்போது "பார்த்துச் சொல்லுங்க மாமா" என்கிறான்.

பார்க்க வேண்டிய காரியமும் இருந்தது. மகள் ஒடெட் ஆறு மாதக் கர்ப்பம். இந்த அடுப்பு சரியில்லையென்றால் பிள்ளை பிறக்கும்வரை அப்பா வீட்டுக்கே வந்துவிடுவதாக அவளே தொலைபேசியில் சொல்லியிருந்தாள். மனைவி போன பிறகு ஒற்றை ஆளாகக் கிடக்கும் அந்த வீட்டில், மறுநாளே மாடியறையைச் சுத்தம் செய்து வண்ணம் அடிக்க ஆரம்பித்துவிட்டார் லூசியன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

"நகத்துல என்னப்பா மஞ்சளா?" என்றாள் ஒடெட்.

"டிராக்டருக்கு அடிச்சேன்."

அவருடைய டிராக்டர் சிவப்பு. அது அவளுக்கும் தெரியும்.

லூசியன் வேலையை ஆரம்பித்தார். காலையில் மாதா கோயில் பூசையில் கொடுத்த ஞாயிற்று அறிவிப்புத் தாளை நீளவாக்கில் கிழித்து, அடுப்புக் கதவில் வைத்து மூடி இழுத்தார். தாள் வரவில்லை; கதவில் சந்து இல்லை. நாலு பக்கமும் வைத்துப் பார்த்தார். நாலு பக்கமும் கெட்டியாகப் பிடித்தது. சன்னல் திரைகளை இழுத்துவிடச் சொல்லி, உள்ளே ஒரு விளக்கை ஏற்றி வைத்துக் கதவைச் சாத்தினார். இருட்டில் முழங்காலால் ஊர்ந்து அடுப்பைச் சுற்றி வந்தார். ஒரு பொட்டு வெளிச்சம் கசியவில்லை. விரல் முட்டியால் தட்டினால் கணீரென்றது. விரிசலை மறைக்கக் கறுப்புச் சாயம் அடித்திருப்பார்கள் என்று நகத்தால் சுரண்டினார். அடியிலும் நல்ல இரும்புதான் இருந்தது.

"நானும் இதையெல்லாம் பார்த்தேன் மாமா. நீங்க யாருக்கோ அடுப்பு பார்த்துக் கொடுத்தப்ப ஒடெட்டும் கூட வந்தாளாம். அவ சொன்னதை எழுதி வச்சிருந்தேன்" என்று வெஸ்லி ஒரு சின்ன நோட்டைக் காட்டினான்.

தன் வித்தையைத் தன் மகளிடமிருந்தே திருடி நோட்டில் எழுதி வைத்திருக்கிறான்! லூசியனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நோட்டு எரியுமா மாப்ளே? எரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்."

வெஸ்லி அடுக்கியிருந்த விறகை அவர் தொடக்கூட இல்லை. தன் வண்டியிலிருந்து இரண்டு வருடம் காய்ந்த மேப்பிள் கட்டைகளைத் தூக்கி வந்தார். சட்டெனப் பற்றும் பூர்ச்ச மரப்பட்டையை அடியில் திணித்து, கட்டைகளை வாய்வரை அடுக்கினார். காற்று வாசலை முழுக்கத் திறந்துவிட்டார்.

"அப்பா, குளிர்ந்த இரும்பு. முதல்ல சின்னத் தீதான் போடணும்னு நீங்கதானே சொல்வீங்க?"

"இவ்வளவுகூடத் தாங்காத அடுப்பு எதுக்கு?"

தீ இரைச்சலோடு எழுந்தது. எங்கிருந்தாவது புகை வரும் என்று அவர் மூக்கை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். வரவில்லை. அவருக்கு வெறுப்பு தலைக்கேறியது. இன்னும் இரண்டு கட்டையைத் திணித்தார்.

டண் என்று ஒரு சத்தம்.

அவ்வளவுதான். அந்தச் சத்தம் எதுவென்று லூசியனுக்குத் தெரியும். நாற்பது வருடமாக அவர் ஊராருக்கெல்லாம் சொல்லிப் பயமுறுத்தி வந்த, இரும்பு விரிசல் விடும் சத்தம்.

முதலில் பேசியது வெஸ்லிதான். "நான்தான் சரியா பார்க்கலை போல மாமா. மயிரிழையா ஏதாவது இருந்திருக்கும். உங்களை வேற வீணா அலைய வச்சுட்டேன்."

லூசியன் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். நடிப்பு இல்லை. செய்யாத குற்றத்தைத் தானாக வந்து தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறவனை எப்படித்தான் இளக்காரம் பண்ணுவது? அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்குள்ளேயே, மாடியறையும் அதில் மகள் படுத்திருப்பதும் கண்முன் வந்து போனது.

"அப்பா," என்றாள் ஒடெட். "இந்த விரிசல் முன்னாடியே இருந்துச்சா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். அவள் அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிடுவாள்.

இழுத்துவிட்ட திரைகளை யாரும் இன்னும் திறக்கவில்லை. கறுத்த இரும்பின் பக்கவாட்டில், மேலிருந்து பாதி வரைக்கும், சிவப்பு நூல்போல ஒரு கோடு எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சம் அவர் கையில் கசங்கிக் கிடந்த தாளிலும், கட்டைவிரல் நகத்தின் மஞ்சளிலும் விழுந்தது. ஒடெட் அடுப்பைப் பார்க்கவில்லை. அந்த நகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.