குழாயடிக் கும்மி

வேம்புலியம்மாளுக்குக் கை அடங்கவில்லை. முந்தானைக்குள் ஒளித்துவைத்தாள், அங்கேயும் உள்ளங்கைகள் ஒன்றையொன்று தேடின. மண்ணூர்பேட்டை அம்மன் கோயிலில் ஆடிக்கூழ் ஊற்றி முடித்தாகிவிட்டது. வாசலில் மணைமேல் பூங்கரகத்தை வைத்து, சுற்றிலும் இருபத்தைந்து பெண்கள் கும்மிக்கு நிற்கிறார்கள். அவள் மட்டும் வீட்டுக்கும் தெருமுனைக்குமாக நாலாவது தடவை நடந்துகொண்டிருக்கிறாள்.

போன ஆடிவரைக்கும் அடியெடுத்துக் கொடுத்தவள் அவள்தான். எஸ்டேட் கம்பெனியில் எட்டு மணி நேரம் மிஷின்முன் நின்றுவிட்டு வந்தாலும், கும்மி என்றால் கால் வலி காணாமல் போய்விடும். தை மாசம் பாடி ரோட்டில் அவள் புருஷன் துலுக்கானத்தை லாரி அடித்துப் போட்டது. அதோடு கும்மியும் போயிற்று. வருஷம் எண்பத்தெட்டு, தெருவில் ஆறு வீட்டுக்கு டி.வி. வந்தாகிவிட்டது. தாலியறுத்தவள் வட்டத்தில் கால் வைக்கக்கூடாது என்பது மட்டும் இன்னும் போன பாடில்லை.

அதைச் சொன்னது ஊர்க்காரர்கள்கூட இல்லை, அதோ வட்டத்தில் நிற்கிற பொன்னியம்மா, துலுக்கானத்தின் தங்கை.

"ஒரு வருசம்கூட ஆவல. எங்கண்ணன் பூட்டான், நீ கை தட்டிகினு நிப்பியா அண்ணி?"

தட்டாமல் இருந்தால் திரும்பி வந்துவிடுவானா என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை. பொன்னியம்மா முகத்தில் அப்படியே அவள் அண்ணன் ஜாடை.

அங்கே சுசீலா பாட ஆரம்பித்தாள். பாட்டா அது! சினிமா மெட்டைப் போட்டு இழுத்தாள். கும்மியில் அடியெடுப்பவள் சொன்னபடிதான் கால் போகும். குனி என்றால் குனியும், திரும்பு என்றால் திரும்பும். சுசீலா ஒன்றும் சொல்லாமல் ராகம் இழுத்ததில் இரண்டு பேர் நேருக்கு நேர் முட்டிக்கொண்டார்கள்.

விழா நடத்துகிற தங்கவேல் வேம்புலியம்மாளைத் தேடி ஓடிவந்தார்.

"எக்கா, மானம் போவுது. நீ குழாயாண்ட நின்னு பாடு. உள்ள மட்டும் வராத."

"பாட்டுக்கு மட்டும் தீட்டு இல்லியா?"

"அத்த வுடுக்கா. பாடு."

ஆத்திரம் பொங்கியது அவளுக்கு. பாட்டு வேண்டுமாம், பாடுகிறவள் வேண்டாமாம். ஆனாலும் இந்தப் பாழாய்ப்போன கால் அவளைக் கேட்காமலே குழாயடியில் போய் நின்றுவிட்டது. வட்டத்துக்கும் அவளுக்கும் நடுவே பத்தடி இருக்கும்.

நாலே அடி பாடினாள். இருபத்தைந்து ஜோடிக் கைகளும் ஒரே சத்தமாக விழுந்தன. அதைக் கேட்கக் கேட்க அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தன் கை இல்லாமல் அந்தச் சத்தம் எப்படி முழுசாக இருக்கிறது என்று பொறாமையாகக்கூட வந்தது. அடுத்த அடியை யோசித்துப் பாடினாளா, தானாக வந்ததா, அவளுக்கே தெரியாது.

"முன்வச்ச காலெடுத்துப் பின்வச்சு, பின்வச்சு
வட்டம் பெருக்குங்கடி, அம்மா
குழாயடி தொட்டுவந்து கும்மி கொட்டுங்கடி!"

பழகின கால்கள், யோசிக்கவா போகின்றன? வட்டம் விரிந்தது. தங்கவேல் கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். ஒருத்தியும் அவரைப் பார்க்கவில்லை. வட்டத்தின் ஓரம் வந்து தொட்டதும் சந்தடி சாக்கில் உள்ளே கலந்துவிடலாம் என்பது வேம்புலியம்மாளின் கணக்கு. முதலில் அவளிடம் வந்து சேர்ந்தது பொன்னியம்மா. ஒரு தட்டு நேரம் அண்ணி முகத்தையே பார்த்தாள். பிறகு இடம் விடாமல், குழாய்க்குப் பின்பக்கமாக வளைந்து போனாள். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். வட்டம் வேம்புலியம்மாளை உள்ளே போட்டு மூடிக்கொண்டது.

இதை அவள் நினைத்துப் பார்க்கவில்லை. துலுக்கானத்தின் கருமாதியன்று இதே பெண்கள்தான் அவளை நடுவில் உட்காரவைத்து, இதே அடி போட்டுச் சுற்றி மாரடித்தார்கள். பிறகு வளையலை உடைத்தார்கள். பாட்டு நின்றுபோயிற்று.

கைகள் மட்டும் நிற்கவில்லை. பொன்னியம்மா ஒரு சுற்று முடித்து எதிரே வந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"உன்ன நடுவுல பாத்தா அன்னிக்கி மாரடிச்சது ஞாபகம் வருது அண்ணி. என்னால தாங்க முடியல. பாடித் தொல!"

"எங்க நின்னு பாடறது?"

பொன்னியம்மா தட்டிக்கொண்டே நடையைத் தளர்த்தினாள். அவளுக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கிற இடம் விழுந்தது.

வேம்புலியம்மாள் அதில் கால் வைத்தாள். பயத்தில் முதல் தட்டு தப்பிப்போனது. இரண்டாவது தட்டு எல்லார் கையோடும் சேர்ந்தது. அழுகையும் சிரிப்புமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து பொன்னியம்மாவின் குரல் கேட்டது.

"சீக்கிரம் நட அண்ணி, மிதிச்சிடப் போறேன்."