துரையின் வால்

விருத்தாசலம் மாட்டாஸ்பத்திரியில் மாடுகளுக்குத்தான் வைத்தியம் என்று போர்டில் எழுதியிருந்தது. ஊர்க்காரர்கள் போர்டைப் படிக்கிற ரகம் இல்லை. வீட்டுப் பூனை குட்டி போட்டால் கூடையில் அள்ளிக்கொண்டு வந்து மதில் ஓரமாக வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். அப்படிச் சேர்ந்த குட்டிகளைக் கம்பவுண்டர் கோதண்டபாணி பின்பக்கத்துத் தகரக் கொட்டகையில் வைக்கோல் போட்டு வளர்த்து, கேட்பவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். காசு வாங்க மாட்டார். குட்டி வேண்டுமென்றால் ஒரு படி தவிடு கொண்டுவர வேண்டும். அது அங்கே கட்டிக் கிடக்கும் நொண்டிக் கன்றுகளுக்கு. தவிடுகூடக் கொண்டுவர முடியாதவன் பூனைக்கு என்ன சோறு போடப் போகிறான் என்பது அவர் கட்சி.

அறுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாதத்தில் ரஹ்மத் பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தவிட்டோடு அங்கே போய் நின்றாள்.

"எலித் தொல்லைங்க" என்றாள்.

அது பொய். அவள் வீட்டில் எலி இல்லை, வேறு எதுவுமே இல்லை. ஒரே மகள் சாதிகாவைப் பரங்கிப்பேட்டையில் கட்டிக்கொடுத்த பிறகு, வீட்டில் சத்தம் என்று இருந்தது அவள் புருஷன் கியாசுதீனின் இருமல் ஒன்றுதான். மனுஷன் வேலை விட்டு வருவார், சுவரில் சாய்ந்து உட்காருவார், இருமுவார். அவள் சோறு வைப்பாள். அதற்குள் பேச்சு தீர்ந்துபோகும்.

கோதண்டபாணி ஒரு கருப்புக் குட்டியைத் தூக்கிக் கொடுத்தார். வால் நுனி மட்டும் கொக்கி போல மடங்கியிருந்தது.

"பொறப்புலயே அப்பிடித்தாம்மா. அதனால யாரும் எடுக்கல" என்றவர், அவள் முந்தானைக்குள் குட்டி சுருண்டுகொள்வதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வேணாம்னா கொண்டாந்து வுட்டுடுங்க, வாங்கிக்கிறேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். மடியில தூங்கிப் பழகினது இங்க திரும்பி வந்தா சோறு திங்காது."

"நாங்க எதுக்குங்க திருப்பிக் கொண்டாரப் போறோம்" என்று சிரித்துக்கொண்டே வந்துவிட்டாள்.

கியாசுதீன் ஒரு சின்னப் பீங்கான் பட்டறையில் வேலை பார்த்தார். ஜாடியும் பொம்மையும் செய்கிறவர்கள் வேறு. இவருக்கு வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைக் கல்லை மெஷினில் போட்டு அரைத்து, மாவாகச் சலிக்கிற வேலை. சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது தலை, புருவம், சட்டை எல்லாம் வெள்ளை வெளேரென்றிருக்கும். முதல் நாள் குட்டியைப் பார்த்து, "இது வேறயா?" என்றுதான் கேட்டார். அது நேராகப் போய் அவர் சட்டை மேல் ஏறி, நெஞ்சில் படுத்துக்கொண்டது. அவர் அசையாமல் இருந்தார். இருமல் வந்தபோதுகூட, குட்டி எழுந்துவிடுமே என்று முகத்தைத் திருப்பி மெதுவாக இருமினார். அந்த மனுஷனிடம் இத்தனை நாசூக்கு இருந்தது ரஹ்மத் பீவிக்கே அன்றுதான் தெரிந்தது.

எழுந்தபோது குட்டி வெள்ளையாக இருந்தது.

"காலையில கருப்பன், சாயந்தரம் வெள்ளக்கார தொரை!" என்று கியாசுதீன் சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று. பெயரும் அதுவே ஆகிவிட்டது. துரை.

அதன் பிறகு தினமும் அதே கூத்து. அவர் வருவார், துரை நெஞ்சில் ஏறும், பட்டறையில் யார் யாரைத் திட்டினார்கள் என்பதையெல்லாம் அதனிடம் சொல்வார். துரைக்குச் சொல்கிற சாக்கில் அவளுக்கும் சொன்னார். கல்யாணமான புதிதில்கூட அவர் அவ்வளவு பேசியதில்லை. பேச்சு முடிந்ததும் அவள் துரையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், பழந்துணியால் தட்டுவாள். தட்டத் தட்டப் பொடி புகை மாதிரி கிளம்பும். அவளுக்குத் தும்மல் வரும். "எம்மாந் தூளுடா ஒன் மேல" என்று அதைச் செல்லமாகத் திட்டிவிட்டு உள்ளே விடுவாள்.

ஐப்பசி மழையில் இருமல் கூடியது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. சோறு பாதியில் நின்றது. கழுத்தெலும்பு தெரிந்தது.

வைத்தியம் சொல்ல நம் ஊரில் யாருக்கும் படிப்பு தேவையில்லை. எதிர்வீட்டு சொர்ணாம்பாள்தான் ஆரம்பித்தாள்.

"ரஹ்மத்தக்கா, பூனைய நெஞ்சு மேல போட்டுக்கிட்டுப் படுத்தா இளைப்பு வராம இன்னா வரும்? பூனை முடி உள்ள போனா அறுத்துப்புடும்."

பிறகு தெருவே சொன்னது. பால்காரர் சொன்னார். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த சம்பந்தி சொன்னாள். அதையும் தள்ளிவிட்டிருப்பாள், கடைத்தெரு டாக்டர் மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே, "வூட்ல பூனை இருக்குதா?" என்று கேட்காமல் இருந்திருந்தால். அவர் கேட்டது அவ்வளவுதான். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

அவளுக்குத் துரை மேல் ஆசைதான். ஆனால் புருஷன் மூச்சு விடத் திணறுகிறபோது ஆசைக்கு என்ன மரியாதை? அவர் பிழைக்க வேண்டும். அது ஒன்றுதான் அவள் மண்டைக்குள் இருந்தது.

"கொண்டுபோயி வுட்டுட்டு வந்துடறேங்க" என்றாள்.

கியாசுதீன் துரையின் மடங்கின வாலை விரலில் சுற்றியபடி இருந்தார். "இது ஒண்ணும் பண்ணலியே புள்ள" என்றார்.

"உங்க உசுருக்கு மேலயா இது?"

அவர் வாலை விரலிலிருந்து மெல்ல விடுவித்தார். "சரி. நான் வேலைக்குப் போன பொறவு எடுத்துட்டுப் போ" என்றார்.

அப்படியே செய்தாள். கோதண்டபாணி ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டார். துரை வைக்கோலில் இறங்காமல் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு நகமாகப் பிரித்து எடுத்துவிட்டு வந்தாள். வந்தவள் தலையணை உறையைத் துவைத்தாள், பாயைக் கழுவினாள், மூலை மூலையாகப் பெருக்கினாள். ஒரு கருப்பு முடி கண்ணில் பட்டாலும் எதிரியைப் பிடித்த மாதிரி எடுத்து அடுப்பில் போட்டாள்.

இருமல் நிற்கவில்லை. வீட்டில் பேச்சு நின்றுபோனது. சாயங்காலம் சுவரில் சாய்ந்து உட்காருகிறவர், தன்னை அறியாமல் நெஞ்சின் மேல் கையை வைத்துத் தடவிக்கொடுப்பார். அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் கையை எடுத்துவிடுவார். அதைப் பார்க்கிறபோதெல்லாம் ரஹ்மத் பீவி அடுக்களைக்குள் போய்விடுவாள்.

தை மாதத்தில் அவரோடு வேலை பார்க்கும் தர்மராஜ்தான் பிடிவாதமாகக் கடலூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவளும் போனாள். நெஞ்சை எக்ஸ்ரே படம் பிடித்தார்கள். அந்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன வேலை?" என்று கேட்டார். கியாசுதீன் சொன்னார். டாக்டர் தலையை ஆட்டினார்.

"கல்லுத் தூள். நெஞ்சு பூரா படிஞ்சு கெட்டியாயிடுச்சு. இதை எடுக்க முடியாதும்மா. இனிமே அந்த வேலைக்கு அனுப்பாதீங்க. நல்லாப் பாத்துக்குங்க."

"பூனை முடி இல்லீங்களா?" என்று கேட்டாள் ரஹ்மத் பீவி.

"எந்தப் பூனை?" என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கியாசுதீன் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அவர் காது மடிப்பில் கொஞ்சம் வெள்ளைப் பொடி இருந்தது. எத்தனை சாயங்காலம் வாசலில் நின்று தன் கையாலேயே தட்டியிருப்பாள், தன் கண்ணாலேயே பார்த்திருப்பாள், தும்மியிருப்பாள்! பூனை மேல் இவ்வளவு தூள் என்றால் மனுஷனுக்குள் எவ்வளவு போயிருக்கும் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. வெள்ளையைத் தட்டிவிட்டுக் கருப்பின் மேல் பழி போட்டிருக்கிறாள். கோபம் வந்தது. பட்டறை மேல், கடைத்தெரு டாக்டர் மேல், சொர்ணாம்பாள் மேல். எல்லாரையும் சுற்றி அது கடைசியில் அவளிடமே வந்து உட்கார்ந்தது. அவர் இனி பிழைக்கப் போவதில்லை. துரையையாவது அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

மறுநாள் காலையில் தவிட்டோடு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினாள்.

கோதண்டபாணி அவளைப் பார்த்ததும் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார்.

"அது போயிடுச்சும்மா. நீங்க வுட்டுட்டுப் போன அந்த வாரமே. பால் வச்சேன், மீன் வச்சேன், தொடவே இல்ல. கதவுப் பக்கமாவே பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு."

அவள் கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். கம்பவுண்டருக்கு மாடுகளைத் தேற்றத்தான் தெரியும். வைக்கோலிலிருந்து வளர்ந்தும் வளராத கருப்புப் பூனை ஒன்று எழுந்து வந்து அவள் காலை முகர்ந்தது. வயசும் ஏறக்குறைய அதுதான். வால் மட்டும் குச்சி போல நேராக நின்றது.

அதைத் தூக்கிக்கொண்டாள்.

"அவங்க கேட்டா இதுதான் அதுன்னு சொல்லணும் ஐயா" என்றாள்.

"சரிம்மா" என்றார் கோதண்டபாணி.

சொல்லப் போகிற பொய்யை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டில் கியாசுதீன் பாயில் சாய்ந்திருந்தார். பூனையை அவர் நெஞ்சில் வைத்தாள்.

"இந்தாங்க உங்க தொரை. கம்பவுண்டரு நல்லா வளத்து வச்சிருந்தாரு."

அவர் பூனையைப் பார்த்தார். தலையைத் தடவினார். முதுகைத் தடவினார். கை வாலுக்கு வந்து நின்றது.

"வளந்ததுல வாலு நிமுந்துபோச்சுங்க" என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கேவலமாக இருந்தது.

கியாசுதீன் அவள் முகத்தை ஒருதரம் பார்த்தார். பிறகு, "ஆமா புள்ள. நல்ல தீனி போட்டா நிமுந்துடும்" என்றார். "வாடா தொரை."

நம்பிவிட்டார் என்று அவளுக்கு உயிர் வந்தது.

அவர் வேலைக்குப் போகாததால் இந்தத் துரை வெள்ளையாகவே இல்லை. நாள் பூரா கருப்பாகத் திரிந்தது. கூப்பிட்டால் ஏனென்று கேட்காது. "கோவிச்சுக்கிட்டு இருக்குது" என்று அவள் சமாளிப்பாள். அவரும், "இருக்காதா பின்ன?" என்பார்.

மாசி பிறந்ததும் கியாசுதீன் கருவாடு கேட்க ஆரம்பித்தார். தினம் மத்தியானத்துக்குக் கொஞ்சம் பொரித்து வை என்றார். அவளுக்கு ஒரே சந்தோஷம். கஞ்சியே இறங்காத மனுஷனுக்கு வாய் கேட்கிறதே! சொர்ணாம்பாளைக் கூப்பிட்டுச் சொன்னாள். பரங்கிப்பேட்டைக்குச் சொல்லி அனுப்பினாள். டாக்டர் சொன்னது தப்பாக இருக்கக் கூடாதா என்று தொழுகையில் அல்லாவிடம் கேட்டுப் பார்த்தாள். தட்டு தினமும் காலியாகத் திரும்பி வந்தது.

ஒருநாள் மத்தியானம் குழாயடிக்குப் போனவள், குடம் நிறைவதற்குள் தண்ணீர் நின்றுபோகவே சீக்கிரம் வந்துவிட்டாள். வாசலில் கால் வைக்கும்போது உள்ளே அவர் குரல் கேட்டது. நடு நடுவே இருமிக்கொண்டு, மெதுவாக, சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார்.

"தொரைன்னா திரும்பிப் பாக்கணும்டா. உன் நெசப் பேரு இன்னாவோ, யாரு கண்டா? அவ கூப்புடறப்ப நீ முழிச்சுக்கிட்டு நின்னா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சுடும். அந்தக் குட்டி செத்துத்தான் போயிருக்கணும், அதுக்குத் தானே காரணம்னு உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டுக் கெடக்குறா. பாவம்டா. நான் போயிட்டா அவ யாரக் கூப்புடுவா? எங்க, தொரை... ஆங், பாத்தியா! இந்தா." கருவாடு ஒடிகிற சத்தம். "இன்னொரு தடவ. தொரை..."

ரஹ்மத் பீவி குடத்தோடு சுவர் ஓரமாக நின்றாள். இடுப்பில் தண்ணீர் வழிந்தது. எத்தனையோ வருஷம் அவருக்குச் சோறு போட்டிருக்கிறாள். அவர் ஒரு வார்த்தை ஆசையாகச் சொன்னதில்லை என்று மனசுக்குள் குறை வைத்திருந்தாள். உள்ளே போய் அவர் காலைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. போனால் அவர் பாடெல்லாம் வீண். தெருமுனை வரை திரும்பி நடந்து, செருப்பைச் சத்தமாகத் தேய்த்துக்கொண்டு மறுபடியும் வந்தாள்.

"சாப்புட்டீங்களா?"

"கருவாடு பூரா தின்னுட்டேன் புள்ள" என்றார். துரை மீசையை நக்கிக்கொண்டிருந்தது.

மறுநாளும் அவள் கருவாடு பொரித்தாள். கூடவே ஒரு துண்டு அதிகம் வைத்தாள்.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரத்தில் கியாசுதீன் மூச்சு நின்றது. கடைசி வரை பூனை விஷயத்தை அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

வந்தவர்கள் போனார்கள். மகளும் தன் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. ரஹ்மத் பீவி இத்தாவில் இருந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வாசற்படி தாண்டக் கூடாது. சொர்ணாம்பாள் குழம்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவாள். மற்றபடி அவளும் பூனையும்தான். அதற்குச் சோறு வைப்பாள், பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். செத்துப்போன குட்டியின் பெயரை எந்த வாயால் சொல்வது?

ஒரு மத்தியானம் கதவு திறந்து கிடந்தது. பூனை வாசற்படியில் இறங்கித் தெருவுக்குப் போனது. மாட்டு வண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. பூனை நடுத்தெருவில் நின்று எதையோ முகர்ந்தது. ரஹ்மத் பீவி எழுந்து ஓடி வந்தாள். படி அவளை நிறுத்தியது. அதற்கு மேல் அவள் போகக் கூடாது.

"தொரை!" என்று கத்தினாள்.

பூனை சட்டென்று திரும்பிப் பார்த்தது. அடுத்த நொடி வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. வண்டி கடந்து போயிற்று. அது படியேறி, அவர் வழக்கமாகச் சாய்ந்திருக்கும் சுவரோரமாகப் போய் உட்கார்ந்து, அண்ணாந்து வாயைத் திறந்தது.

அவள் வெறுங்கையோடு நின்றாள். "கருவாடு இல்லடா" என்றாள். அதற்கு மேல் சொல்ல முடியாமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். துரை கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, அவள் நெஞ்சில் ஏறிப் படுத்துக்கொண்டது.