வெளியே போன மயில்

தெருவில் எல்லாரும் அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எம்பிராய்டரி மெஷின் வைத்திருப்பதால் வந்த பெயர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் வாய்க்காக வந்த பெயர் என்பது மற்ற எல்லாருக்கும் தெரியும்.

மாடிப்படிக்குக் கீழே இருந்த குறுகலான அறைதான் கடை. ஒரு மெஷின், ஒரு பழைய கம்ப்யூட்டர், சுவர் முழுக்க நூல்கண்டுகள். பூவோ பறவையோ, படத்தின் ஃபைலைப் பென்டிரைவில் போட்டு மெஷினில் செருகினால் அது தானே தைத்துவிடும். ஃபைல் நன்றாக இருந்தால் ரோஜா ரோஜாவாக வரும். மோசமாக இருந்தால் என்ன வரும் என்று அந்த மெஷினுக்கே தெரியாது.

ஒரு லாட்ஜ் மேனேஜர் நாற்பது துண்டுகளைக் கொண்டுவந்து, மூலைக்கு ஓர் அன்னம் வேண்டும் என்றார். யார் வேண்டுமானாலும் போடலாம், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று ஊருக்கே திறந்துவிட்ட தளம் ஒன்று இணையத்தில் இருந்தது. அன்னம் என்று தேடினாள். எண்ணூறு வந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே 'டவுன்லோடு' என்று ஐந்து பொத்தான்கள். அதில் நான்கு பொய். முதல் பொத்தான் முடி கொட்டுவதற்கு மருந்து விற்றது. இரண்டாவதை அமுக்கியதும் ஒரு பெண்குரல், "உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது" என்று அலறத் தொடங்கியது. ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிய பிறகுதான் ஓய்ந்தது. ஐந்தாவதில் ஒருவழியாக அன்னம் இறங்கியது.

முதல் துண்டில் மெஷின் உடம்பைத் தைத்தது. கழுத்தைப் பாதி தைத்தது. அப்புறம் என்ன நினைத்ததோ, ஒரே இடத்தில் நின்று குத்து குத்தென்று குத்தி ஊசியை முறித்துப்போட்டது. ஊசியக்கா அதே தளத்தில், ஊசி ஏன் முறிகிறது என்று கேட்கப் போனாள். நான்கு வருஷத்துக்கு முன்பே யாரோ அதே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். அதற்கு ஒரே ஒரு பதில்: 'எனக்கும் முறிந்தது.'

வேறு வழியில்லாமல் மிச்சக் கழுத்தையும் தலையையும் கையாலேயே தைத்து ஒப்பேற்றினாள். மேனேஜர் துண்டை விரித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"நான் அன்னம்தானேம்மா கேட்டேன்?"

"அன்னம்தாங்க அது."

"நான் கேட்டது நீந்துற அன்னம். நீங்க போட்டிருக்கிறது கொதிக்கிற அன்னம். சோத்துப் பானைக்கு மூக்கு வச்ச மாதிரி இருக்கு."

ஊசியக்கா துண்டை வெடுக்கென்று வாங்கி மடித்து உள்ளே வைத்தாள்.

கேள்விப்பட்ட நூல்கடைக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தக் குப்பைமேட்டுலயா போய் எடுத்தே? எங்க குழுவுக்கு வா. மொத்தம் நூத்திருபது பேர்தான். உள்ள வர ஒருத்தர் ஜாமீன் நிக்கணும், நான் நிக்கிறேன். ஆனா பெரியம்மா கேட்கிறதுக்கு ஒழுங்கா பதில் சொல்லு."

பெரியம்மா என்பது குழுவை நடத்துகிறவரின் பெயர். ஆளை யாரும் பார்த்ததில்லை, எழுத்தில்தான் ஆட்சி. ஊசியக்கா தன் வேலையிலேயே அழகான பத்தைப் படம் பிடித்து அனுப்பினாள். பதில் ஒரே வரி: 'முன்பக்கம் யார் வேண்டுமானாலும் காட்டலாம். துணியின் பின்பக்கத்தைக் காட்டுங்கள்.'

பின்பக்கம் சாயம்போன வைக்கோல் போர் மாதிரி இருந்தது. இரண்டு வாரம் முடிச்சு முடிச்சாகத் திருத்தி, மறுபடி அனுப்பி, உள்ளே போனாள்.

விதிகள் மூன்று. தானே தைத்துப் பார்த்த ஃபைலைத்தான் போட வேண்டும், தைத்த துணியின் படத்தோடு. மூன்று எடுத்தால் ஒன்று கொடுக்க வேண்டும். ஃபைல் வெளியே போனால் நீங்களும் வெளியே.

உள்ளே இருந்தது வேறு உலகம். அன்னம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த ஒன்று அன்னமாகவே வந்தது. நூல் அறுகிறது என்று எழுதினால், மூன்றாவது நிமிஷம், "மேல்நூலைக் கொஞ்சம் தளர்த்துங்கக்கா, ஊசியை மாத்துங்க" என்று யாரோ சொன்னார்கள். தப்பாகச் சொன்னால் அவர்களைத் திட்ட இன்னும் இருவர் வந்தார்கள்.

மூன்று எடுத்ததும் கொடுக்கும் முறை வந்தது. அவள் குளத்தில் முகத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் எருமையை வரைந்தாள். ஒன்பது பேர் தைத்துப் பார்த்து ஒன்பது குறை சொன்னார்கள். "இடது கொம்பு காதுக்குள்ள போகுது." "எருமை என்னைப் பார்த்து முறைக்குது." எருமை முறைக்கத்தானே செய்யும் என்று சண்டைக்குப் போனாள், பிறகு திருத்தினாள். மூன்றாவது எருமைக்குக் கீழே பெரியம்மா எழுதினார்: 'நடக்கும்.' அதற்குமேல் அவர் யாரையும் பாராட்டியதில்லை என்று நூல்கடைக்காரம்மா சொன்னதும், ஊசியக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பள்ளிக்கூடப் பையிலும் பல் டாக்டர் ஒருவரின் கோட்டுப் பாக்கெட்டிலும் தன் எருமை கிடப்பதைப் படத்தில் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள்.

கெடுத்தது புருஷன்.

அவன் கூரியர் கம்பெனியில் வேலை பார்த்தான். கேட்டவர்க்கு இல்லை என்று சொல்ல வராது. குடை கேட்டால் குடை, சைக்கிள் கேட்டால் சைக்கிள். ஒருமுறை ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றிக் கொடுத்தவன். ஆபீசில் அவனுக்குப் பெயர் வள்ளல். மனைவியின் எருமையைப் பற்றி அவன் பெருமையடிக்க, கூட வேலை பார்க்கிறவன் ஒருவன், "என் சம்சாரமும் மெஷின் வச்சிருக்குப்பா, குடேன்" என்றான். வள்ளல் எருமையை மட்டும் கொடுத்திருந்தால் பாதகமில்லை. அது அவள் பெற்றது. அவன் மொத்த ஃபோல்டரையும் அவள் பென்டிரைவில் வாரிக்கொண்டு போனான். அதில் பெரியம்மாவின் மயிலும் இருந்தது. எட்டு மாசம் உட்கார்ந்து செய்த மயில்.

பத்து நாள் கழித்து ஒருத்தி கடைக்கு வந்து, குழந்தைத் தொப்பி ஒன்றை நீட்டினாள். "இதே மாதிரி நல்லா வர்றதா ஒண்ணு போட்டுத் தாங்கக்கா. இது ஓசில எடுத்தது, விளங்கலை." தொப்பியில் மயில் இருந்தது. அகலத்தை மட்டும் யாரோ இழுத்துவிட்டதில் அலகு தோகைக்குள் போயிருந்தது. முன்பு அன்னம் எடுத்த அந்தத் திறந்த தளத்தில் தேடினாள். யாரோ அதை அங்கே ஏற்றிவிட்டிருந்தார்கள். மயிலின் பெயர் 'கோழி 7' என்று மாறியிருந்தது. ஐந்து பொத்தான்களோடு.

புருஷன் சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, என் பென்டிரைவை யாருக்குக் கொடுத்தீங்க?"

"ஒரு நல்ல மனுஷனுக்கும்மா. பகிர்ந்துக்கிறது நல்லதுதானே? உங்க குழுவுலயும் அதானே பண்றீங்க?"

"நாங்க கொடுத்தா, கெட்டுப்போச்சுன்னா வந்து கேட்க ஒரு முகம் இருக்கு. இதுக்கு யாருகிட்டப் போய்க் கேட்பான்? கோழி ஏழுகிட்டயா?"

அவன் தொப்பியை வாங்கிப் பார்த்தான். "கோழின்னு பார்த்தா நல்லாத்தான் இருக்கு" என்றான். அன்று அவனுக்குக் காப்பி கிடைக்கவில்லை.

யாருக்கும் தெரியாமல் அமுக்கிவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தாள். ஜாமீன் நின்ற நூல்கடைக்காரம்மா முகம் கண்ணுக்குள் வந்து வந்து நின்றது. மறுநாள் காலை, நம்பர் வாங்கிப் பெரியம்மாவுக்கே போன் போட்டாள்.

"யாரு?" என்றது கப்பல் சங்கு மாதிரி ஒரு கனத்த ஆண்குரல்.

"பெரியம்மா... வீட்டுல இல்லைங்களா?"

"நான்தான் பெரியம்மா. முதல் நாள் யாரோ அப்படிக் கூப்பிட்டாங்க. நூல் அறுந்திருந்துச்சு, மறுக்க நேரமில்லை. சொல்லுங்க."

அவள் ஒன்று விடாமல் சொன்னாள். பின்னால் ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது.

"எட்டு மாசம்மா" என்றார்.

"தெரியுங்கய்யா."

"கழுத்துக்கு மட்டும் ரெண்டு மாசம்." பெருமூச்சு. "உங்க வீட்டுக்காரருக்கு என்ன பேரு?"

"வள்ளல்னு கூப்பிடுவாங்க."

"பொருத்தமா வச்சிருக்காங்க. நீங்களே எல்லார்கிட்டயும் சொல்லிடுங்கம்மா. அவங்க முடிவு பண்ணட்டும்."

சொன்னாள். நூற்றிருபது பேரும் ஓட்டுப் போட்டார்கள். தானாக வந்து சொன்னாளே என்பதற்காக அறுபத்தெட்டு பேர் இருக்கட்டும் என்றார்கள். ஆனால் ஆறு மாசத்துக்கு அவள் ஃபைல் கொடுக்கலாம், எடுக்கக் கூடாது. இன்னொரு தண்டனையும் இருந்தது: கோழி ஏழுக்குக் கீழே இருநூற்றுப் பன்னிரண்டு புகார்கள் கிடந்தன, அத்தனைக்கும் வள்ளலே பதில் சொல்ல வேண்டும்.

வள்ளல் சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தான். கொடுப்பதுதானே அவன் தொழில். முதல் புகாரே, 'எவன்டா இந்தக் கோழியைப் போட்டவன்' என்று இருந்தது. இரண்டாவதில் அவன் பரம்பரை முழுவதும் வந்தது.

"சும்மா கொடுத்ததுக்கா இந்தத் திட்டு?" என்று மனைவியிடம் அழாக்குறையாகக் கேட்டான்.

"எழுதுங்க, எழுதுங்க" என்றாள் ஊசியக்கா.

எழுத வேண்டுமானால் விஷயம் தெரிய வேண்டும். அவளிடம் கேட்டான், அவள் மெஷினில் நூல் கோக்கச் சொல்லிக் கொடுத்தாள். எண்பதாவது புகாரில் நூலின் இறுக்கம் புரிந்தது. நூற்றைம்பதாவதில், பதில் சொன்னவனுக்கு நன்றி சொல்லக்கூட அங்கே யாரும் திரும்பி வருவதில்லை என்பதும் புரிந்தது. ஒரே ஒருத்தி வந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ், சின்னப் பிள்ளைகளின் உடுப்பில் தைப்பவள். 'அலகை நானே பிரித்துச் சரிசெய்தேன், தோகைதான் சுருங்குகிறது, என்ன செய்ய?' என்று படத்தோடு கேட்டிருந்தாள்.

வள்ளல் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு நேராகக் குழுவிடம் போய், இவளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், நான் ஜாமீன் என்றான். குழு இரண்டு நாள் சிரித்தது. மூன்றாவது நாள் சேர்த்துக்கொண்டது.

நர்ஸ் கொடுத்த முதல் ஃபைல், மூக்கு சிந்தும் குட்டி யானை. அதைத் தைத்துப் பார்த்துக் குறை சொல்லும் முதல் ஆள் தானாகத்தான் இருக்க வேண்டும் என்று வள்ளல் அடம்பிடித்து, தன் கூரியர் சட்டைப் பாக்கெட்டிலேயே தைத்தான். சட்டையை வைத்த லட்சணத்தில் யானை தலைகீழாக வந்தது.

"பிரிச்சுட்டு நான் போட்டுத் தரட்டுமா?" என்றாள் ஊசியக்கா.

"வேணாம்மா. குனிஞ்சு பார்த்தா எனக்கு நேராத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டு, அதைப் போட்டுக்கொண்டே வேலைக்குக் கிளம்பினான்.