ஜோடிக் குடுவை

அந்தக் கண்ணாடிக் குடுவையைக் கப்பலில் யாரும் தொடுவதில்லை. ஆய்வறை மரப்பெட்டியின் கடைசிக் குழியில் அது ஒரு வருடமாகக் கிடந்தது. மூடியில் க்யார்தன் ஒட்டிய கறுப்பு நாடா அப்படியே இருந்தது. பெட்டியைத் துடைக்க வருகிறவர்கள் அந்த ஒரு குழியை விட்டுவிட்டு மற்றதைத் துடைத்தார்கள். இதைப் பற்றி ரன்வெய்யிடம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஐஸ்லாந்துக்காரர்கள் ஆட்டைப் பற்றியும் புயலைப் பற்றியும் வாய் வலிக்கப் பேசுவார்கள். மனசைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் காபி ஊற்றிக்கொள்ள எழுந்து போய்விடுவார்கள்.

ரன்வெய் கடலாய்வாளர், க்யார்தன் அவள் புருஷன். கடல் அவள் பங்கு, காற்று அவன் பங்கு. நாட்டுக்கு வடக்கே, நடுக்கடலில் ஒரே இடத்துக்குப் பருவம் தவறாமல் போவார்கள். அவள் ஆழத்திலிருந்து தண்ணீர் எடுத்து அதில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை அளப்பாள். அவன் அதே இடத்தில் காற்றைக் குடுவையில் பிடிப்பான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கடல் எவ்வளவு விழுங்குகிறது என்பது தெரியும்.

"என் காத்தைப் பூரா உன் கடல் முழுங்குது. ஒரு நாள் வயிறு வெடிக்கப் போகுது, பாரு" என்பான் அவன், உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே.

"நீ ஊதி ஊதி அனுப்பினா அது என்னடா செய்யும், பாவம்" என்பாள் அவள்.

இருவரும் சிரிப்பார்கள். சிரிக்கிற விஷயம் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். ஒவ்வொரு வருடமும் கடல் கூடுதலாக விழுங்கியது, கூடுதலாக அமிலமாகிப் புளித்தது. கிளிஞ்சல்கள் ஓடு கட்டப் பாடுபடுகிற அளவுக்குப் போய்விட்டது. அதை ஊருக்குச் சொல்ல அவர்கள் கையில் இருந்ததெல்லாம், அந்த அளவுகளைப் புள்ளி புள்ளியாகச் சேர்த்து வரைந்த ஒரு கோடுதான். இத்தனை காலத்தில் ஒரு குளிர்காலம்கூட விட்டுப்போகாத கோடு. அதற்காக மகளின் தேவாலயச் சடங்கைக்கூட இருவரும் தவறவிட்டிருக்கிறார்கள். மகள் அதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

காற்றைப் பிடிப்பதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நீளக் கம்பின் நுனியில் குழாயைக் கட்டி, காற்று வரும் திசையில் நீட்ட வேண்டும். பம்பு அந்தக் காற்றை இழுத்துக் குடுவைக்குள் தள்ளும், உள்ளே இருக்கிற பழைய காற்று மறுபக்கமாக வெளியேறும். குடுவையின் திருகில் கை வைத்தால் மூச்சை அடக்க வேண்டும். மனிதன் விடும் மூச்சில் இந்த வாயு வெளிக்காற்றைவிட நூறு மடங்கு. ஒரு பெருமூச்சு போதும், மொத்தமும் பாழ்.

போன குளிர்காலத்தில் க்யார்தன் திருகை மூடப் போன நேரம் பார்த்து இருமல் வந்தது, அடங்கவில்லை. காற்றும் அதே நேரம் சுழன்று திரும்பி, அவன் மூச்சைக் கொண்டுபோய்க் குழாயில் கொடுத்தது.

"கெடுத்துட்டியே! பச்சைப் புள்ளைக்குத் தெரியும் இது!" என்று கத்தினாள் ரன்வெய்.

"கத்தாதடி. இதுல இருக்கிறது காத்து இல்ல, நான்" என்று இளித்துக்கொண்டே நாடாவை ஒட்டி ஓரமாக வைத்துவிட்டு வேறு குடுவையை எடுத்தான். அது வெறும் சளி இல்லை என்று வசந்தத்தில் டாக்டர் சொன்னார். இலையுதிர்காலத்தில் மலையிலிருந்து ஆடுகளை இறக்குவதற்குள் அவனைப் புதைத்தாகிவிட்டது.

இப்போது மறுபடியும் பிப்ரவரி. இரண்டு புயல்களுக்கு நடுவே கிடைத்த சின்ன இடைவெளியில் கப்பல் அந்த இடத்தில் நின்றது. புதிதாக வரவேண்டிய குடுவைப் பெட்டி போன புயலால் வந்து சேரவில்லை. கைவசம் இருந்தவை இரண்டே குடுவைகள். தண்ணீர் எடுத்து முடிந்ததும் ரன்வெய் அவற்றைக் கப்பலின் மேல்தளத்துக்குக் கொண்டுவந்தாள். பக்கவாட்டில் ஓர் அலை மோதி அவள் சறுக்கினாள். ஒரு குடுவை கம்பியில் பட்டுச் சுக்குநூறானது.

மேல்தள வேலையாட்களின் தலைவன் ஊல்வர் ஓடிவந்து அவளைத் தூக்கி நிறுத்தினான். க்யார்தனோடு பள்ளிக்கூடத்திலிருந்து கூடத் திரிந்தவன்.

"அடி பட்டுச்சா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. குடுவை போச்சு."

"இன்னொண்ணு இருக்குல்ல, அதுல பிடி. வானம் கறுத்துட்டு வருது, கேப்டன் கிளம்பணும்னு குதிக்கிறாரு."

"ஒத்தைக் குடுவையை ஆய்வுக்கூடத்துல சேத்துக்க மாட்டாங்க, ஊல்வர். ஜோடியாத்தான் அனுப்பணும். ஒண்ணு சொல்றதையே இன்னொண்ணும் சொன்னாத்தான் நம்புவாங்க. இல்லன்னா குப்பைக்குப் போகும்."

"அப்போ இந்தக் குளிர்காலம்?"

"போச்சு. கோட்டுல ஓட்டை."

ஊல்வர் ஆய்வறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டென்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். "நான் எதையும் பாக்கல. வேற குடுவையே இல்லன்னு நீ சொன்னா, நானும் அதையே சொல்லிடுறேன்."

"பொய்கூட உனக்கு ஒழுங்கா வராது."

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அப்படி என்னத்த வச்சுட்டுப் போயிருக்கான் அதுல? அதுக்கு முந்தின நாள் விருந்துல, மாசக்கணக்கா நொதிக்கப் போட்ட அழுகல் சுறாவை வளைச்சுக் கட்டுனான். திறந்தா கப்பலே காலி."

ரன்வெய்க்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாய் மூடுவதற்குள் அழுகையும் வந்தது. வீட்டில் அவன் படங்கள் இருந்தன. கம்பளிச் சட்டையை, நல்லது செய்வதாக நினைத்து, மகள் துவைத்துவிட்டாள். இது ஒன்றுதான் அவன் உடம்புக்குள் போய் வந்த பொருள். இதைக் கொடுக்க மனம் வரவில்லை. அவனாக இருந்தால் இரண்டாவது யோசனையே இருக்காது என்பதும் அவளுக்குத் தெரியும். அது வெறும் கெட்டுப்போன காத்துடி, குடுவையைக் கழுவி எடு என்று சொல்லியிருப்பான். அதற்காக அவன்மேல் கோபம்கூட வந்தது.

உள்ளே போய் நாடாவை நகத்தால் உரித்து, குடுவையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

ஊல்வர் கம்பைத் தூக்கிக் காற்றுக்கு நீட்டினான். அவள் இரண்டு குடுவைகளையும் வரிசையாகப் பொருத்தினாள், க்யார்தனுடையதைப் பின்னால் வைத்தாள். ஒன்றை மனதுக்குள் முடிவு செய்திருந்தாள். பழைய காற்று வெளியேறும் குழாயின் வாயில் முகத்தை வைத்துக்கொள்வது, முதலில் வருவதை இழுத்துக்கொள்வது. மூச்சை உள்ளே இழுப்பதால் குடுவையில் பிடிக்கிற காற்று கெடாது. அது மட்டுமாவது அவளுக்குக் கிடைக்கட்டும்.

குழாயை உதட்டருகே பிடித்தாள், பம்பு ஓடியது. திருகில் கை வைத்துத் திறந்தாள்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். திருகில் விரல் பட்ட மாத்திரத்தில் அவள் மூச்சு தானாக நின்றுவிட்டது. வாழ்நாளெல்லாம் நின்ற மாதிரியே நின்றது. குழாயிலிருந்து வந்தது மென்மையாகக் கன்னத்தில் பட்டுக் கடந்து போயிற்று. நெஞ்சு அடைத்து வலித்தபோதுதான் என்ன செய்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. வாயைத் திறந்து ஆவலோடு இழுத்தாள். குளிரும் ரப்பர் வாடையும்தான் வந்தன. மறுபடி இழுத்தாள், மறுபடியும் இழுத்தாள். வெறும் கடல் காற்று.

"போதுமா?" என்று ஊல்வர் கத்தினான்.

இப்போதே நிறுத்தினால் குடுவையில் ஒரு துளியாவது அவன் மிஞ்சுவான் என்று தோன்றியது. மிஞ்சினால் ஜோடி சேராது.

"இன்னும் கொஞ்சம்" என்றாள். வழக்கத்தைவிட அதிக நேரம் ஓடவிட்டாள். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு திருகுகளை மூடினாள்.

பனி உருகித் தெருவெல்லாம் சேறாகக் கிடந்த நாளில் ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்தது. முடிவு வந்தால் இரண்டு குடுவைகளும் ஒத்துப்போகின்றனவா என்றுதான் ரன்வெய் முதலில் பார்ப்பாள், ஒத்துப்போக வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே பார்ப்பாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்துவிடாதா என்று ஏங்கினாள்.

இரண்டும் கடைசி இலக்கம்வரை ஒரே எண்ணைச் சொல்லின. போன குளிர்காலத்தைவிட அதிகமான எண். மாதிரியில் துளி மாசு இல்லை, அருமையாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று பாராட்டியிருந்தார்கள்.

சாயங்காலம் மகள் போனில் கூப்பிட்டாள். "முடிவு வந்துருச்சாமே. ஊல்வர் சொன்னாரு. எப்படிம்மா வந்திருக்கு?"

"ரொம்ப சுத்தமா வந்திருக்கு" என்றாள் ரன்வெய். காபி ஊற்றிக்கொள்ள எழுந்தாள்.